தொடுதல் குழுவில் ஒரு சலூன்காரர்

சலூன்காரரின் மகள் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, தான் கார் மெக்கானிக் ஆகப்போவதாகச் சொன்னபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதற்கு முந்தைய விடுமுறையில் அவள் அம்மாவின் பழைய ஸ்கூட்டரைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டு, திரும்பவும் பூட்டியிருந்தாள். ஸ்கூட்டர் முன்பைவிட நன்றாகவே ஓடியது. ஆனால் ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது. அது எந்த இடத்துத் திருகாணி என்று தெரியாமல் அவளுக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

“ஓடுதுல்ல, விடேன்டி” என்றாள் அம்மா. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஓடிக்கொண்டிருக்கிற எதையும் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

“அது இல்லாமயே ஓடும்னா, அத எதுக்கும்மா வச்சாங்க?” என்று கேட்டாள் மகள்.

இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் யாரும் வீட்டில் இல்லாததால், பதில் சொல்லக்கூடிய பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்க்கும் பொறுப்பு சலூன்காரரிடம் வந்தது.

பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இரண்டு பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. ஒன்று பேருந்துப் பணிமனைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன தரை, காதைப் பிளக்கும் சத்தம். சலூன்காரர் சலவை செய்த சட்டையோடு உள்ளே போய், பள்ளியின் தலைமை ஆசிரியர் எங்கே என்று விசாரித்தார். ஒரு பஸ்ஸைக் கைகாட்டினார்கள். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“வணக்கங்க. என் பொண்ணச் சேக்கணும்” என்று சலூன்காரர் அந்தக் கால்களிடம் சொன்னார்.

“நாளைக்கு வரச் சொல்லுங்க. சர்டிபிகேட் ஒரிஜினல் வேணும், பாத்துட்டுக் குடுத்துருவோம். பழைய துணியாப் போட்டுட்டு வரணும்” என்றன கால்கள்.

அவ்வளவுதான் பேட்டி. சலூன்காரருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மனிதர்களை முகத்தைப் பார்த்தே எடைபோட்டுப் பழகியவர் அவர். முகத்தையே காட்டாத ஒருவரிடம் பெண்ணை எப்படி ஒப்படைப்பது என்று வீட்டுக்கு வந்து புலம்பினார்.

இன்னொரு பள்ளியின் பெயர் வாகன மேன்மையகம். பள்ளி என்று சொன்னால் அங்கே கோபித்துக்கொள்வார்கள். முழுக்கக் கண்ணாடியாலான கட்டடம். அப்பாவும் மகளும் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் இருவருக்கும் குளிர்ந்த துவாலை கொடுத்தாள். இன்னொருவர் சலூன்காரருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க சார்” என்றார்.

இந்த இடத்தில்தான் காரியம் கெட்டது. சலூன்காரர் அன்றுவரை எத்தனையோ பேருக்கு நாற்காலியைத் திருப்பி, உயர்த்தி, தாழ்த்திக் கொடுத்திருக்கிறார். காலையில் கடை திறந்தால் சாயங்காலம் வரை அவருக்கு நிற்கிற வேலை. அவருக்காக இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டது அதுவே முதல் தடவை. உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால்கள் அந்த நிறுவனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டன. மற்ற உறுப்புகள் பின்தொடர்ந்தன.

கூடத்தின் நடுவே ஒரு மேடை. மேடைமேல் ஒரு வெள்ளைக் கார். சுற்றிலும் பட்டுக் கயிறு.

“டயர்ல ஒரு பொட்டு மண்ணு கூட இல்லப்பா” என்று மகள் கிசுகிசுத்தாள்.

“சுத்தமா வச்சிருக்காங்கம்மா. உன் ரூமை நெனச்சுப் பாரு” என்றார் அப்பா.

சேர்க்கை ஆலோசகர் டை கட்டியவர். மெக்கானிக் ஆக ஏன் ஆசை என்று மகளிடம் கேட்டார். அவள் திருகாணிக் கதையைச் சொன்னாள். ஆலோசகர் அதை “உதிரிபாகங்களுடன் உணர்வுபூர்வமான உறவு” என்று கணினியில் பதிந்துகொண்டு, அப்பாவின் பக்கம் திரும்பி, ஏதாவது சந்தேகம் உண்டா என்றார்.

“ஒண்ணே ஒண்ணுதாங்க” என்றார் சலூன்காரர் தயங்கியபடி. “எங்க தொழில்ல சேந்த கொஞ்ச நாள்லயே கத்தரிக்கோலக் கையில குடுத்துருவோம். அதுமாதிரி இங்க புள்ளைங்க எப்ப கார்ல கை வைப்பாங்க?”

ஆலோசகர் பரிவோடு சிரித்தார். “கை வைக்கறதுங்கறது பழைய பார்வை சார். வெளியில சாதாரண ஒர்க்‌ஷாப்ல போய்ப் பாருங்க. வண்டிய நிறுத்தின உடனே கை வச்சுருவான். யோசிக்கறதே கிடையாது. எங்ககிட்டப் படிச்சு வெளிய போன ஒருத்தர் கூட இன்னைக்கு வரைக்கும் எந்த வண்டியிலயும் கை வச்சதில்ல. அந்த அளவுக்குத் தரம்.”

சலூன்காரருக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதே அந்த இடத்தின் உயரத்துக்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டார். மகளின் பள்ளிச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைப் பாதுகாப்புக்காக என்று வாங்கி ஓர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பாதுகாப்பு என்ற சொல்லும் அவருக்குப் பிடித்திருந்தது.

மகளுக்கு வெள்ளை மேலங்கி கொடுத்தார்கள். தினமும் காலையில் மேலங்கிச் சோதனை நடக்கும். கறை இருந்தால் மதிப்பெண் குறையும். வாசலில் பெரிய எழுத்தில் நிறுவனத்தின் குறிக்கோள் எழுதியிருந்தது: கறை படியாத மெக்கானிக்கே எங்கள் கனவு.

முதல் பருவம் முழுக்க வாகனத்தின் தத்துவம். வாகனம் என்றால் என்ன, அது ஏன் நகர விரும்புகிறது, நகராத வாகனத்தை வாகனம் என்று அழைக்கலாமா என்பதெல்லாம் பாடம். அடுத்தது ஸ்பானர் நிலைகள். வகுப்பில் வரிசையாக நின்று, கையில் ஸ்பானர் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு, இல்லாத போல்ட்டை இடமிருந்து வலமாகத் திருக வேண்டும். உண்மையான ஸ்பானர் காலில் விழுந்தால் காயம் படும் என்பதால் நிறுவனம் அதைத் தவிர்த்திருந்தது. சலூன்காரரின் மகள் திருகியது தளர்வாக இருந்தது என்று ஆசிரியர் இரண்டு தடவை திருத்தினார்.

பருவத் தேர்வில், ஸ்பானரின் பண்புகளை விவரி என்று கேட்டிருந்தார்கள். “திருகும்” என்று எழுதிவிட்டு அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். பக்கத்திலிருந்த மாணவன் பொறுமை, விசுவாசம், தன்னடக்கம் என்று இரண்டு பக்கம் எழுதி முதலிடம் பெற்றான்.

“அஸ்திவாரம் போடறாங்கம்மா. அவசரப்படக் கூடாது” என்றார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே.

“அஸ்திவாரம்னா ஒரு செங்கல்லாவது வேணாமா?” என்றாள் அம்மா.

அந்தச் செங்கல் சலூன்காரரின் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு நிறுவனத்தின் முதல்வரைப் பார்க்கப் போனார். அதே கேள்வியைத்தான் கேட்டார். புள்ளைங்க எப்ப கார்ல கை வைப்பாங்க?

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார். “இவ்வளவு ஆழமான கேள்விய இதுவரைக்கும் எந்தப் பெற்றோரும் கேட்டதில்ல. இதுக்கு நான் ஒருத்தன் பதில் சொல்லிட்டா அது சர்வாதிகாரமாப் போயிரும். ஒரு குழு போட்டுருவோம்” என்றார்.

அப்படித்தான் தொடுதல் குழு பிறந்தது. முதல்வர் தலைமை, சேர்க்கை ஆலோசகர் செயலாளர், கேள்வியைக் கேட்ட குற்றத்துக்காகச் சலூன்காரர் பெற்றோர் பிரதிநிதி. நீள மேசையில் அவருக்கு முன்னால் “பிரதிநிதி” என்று பொறித்த பித்தளைப் பலகை வைத்தார்கள். கைவைத்த நாற்காலி. தேநீர், பிஸ்கட். கூட்டம் ஒவ்வொரு புதன்கிழமை மதியமும்.

முதல் கூட்டத்தில் தொடுதல் என்றால் என்ன என்று வரையறுக்க முற்பட்டார்கள். கையுறை போட்டுத் தொட்டால் அது தொடுதலா, அல்லது கையுறைதான் தொட்டதா? சாய்ந்து நிற்பது தொடுதலில் சேருமா? முடிவெட்டும்போது தலையைத் தொடுகிறோமா, முடியைத் தொடுகிறோமா என்று பிரதிநிதியிடம் கருத்துக் கேட்டார்கள். சலூன்காரர் அதற்குமுன் அதை யோசித்துப் பார்த்ததில்லை. யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவருடைய கருத்து நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

அடுத்த கூட்டத்தில் ஆலோசகர் ஒரு பயங்கரமான உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னார். கூடத்தைத் துப்புரவு செய்யும் அம்மாள் தினமும் அந்தக் காரைத் துடைக்கிறார். அதாவது, பல வருடங்களாகக் காரைத் தொட்டு வருகிறார். அந்தக் கணக்கில் நிறுவனத்திலேயே மூத்த மெக்கானிக் அவர்தான் என்றாகிறது. குழு முடிவு செய்யும்வரை காரை யாரும் துடைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

“எனக்கு ஒரு வேலை கொறஞ்சுது சாமி” என்றார் துப்புரவு அம்மாள். கார்மேல் தூசி படிய ஆரம்பித்தது. தூசியைக் கவனிக்காமல் காரை நோக்குவது எப்படி என்று மாணவர்களுக்கு ஒரு சிறப்பு வகுப்பு நடந்தது.

இதற்கெல்லாம் சலூன்காரர் சிரித்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் சிரித்திருப்பார். ஆனால் புதன்கிழமை மதியம், பித்தளைப் பலகைக்குப் பின்னால், கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “பிரதிநிதி என்ன நினைக்கிறார்?” என்று நாலு பேர் தன் வாயைப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை. அவருடைய வாய்க்கும் மெல்ல மெல்ல அந்த ருசி பிடித்தது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னபோது, “இந்தப் பொருள் பற்றி விரிவான கலந்தாலோசனை தேவைப்படுகிறது” என்றார்.

“ஏங்க, வாஷர் தேஞ்சிருக்கு. அதுல என்ன கலந்தாலோசனை?”

“காரணத்தை அவசரப்பட்டுத் தீர்மானிக்கக் கூடாது.”

மகள் எழுந்து போய் வாஷரை மாற்றினாள். மாற்றிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அப்பா, பணிமனைப் பள்ளியில ரெண்டாந்தடவ ஆள் எடுக்கறாங்களாம். இந்த மாசக் கடைசி நாள் வரைக்கும்தான். நான் அங்க போயிடறேம்ப்பா.”

“நான் அங்க குழுவுல இருக்கேன்மா.”

“நீங்க இருங்க. நான் போறேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரலில் அந்தக் களைப்பைக் கேட்க அவருக்கு என்னவோ போலிருந்தது. மறுநாள் அவரே அலுவலகத்துக்குப் போய்ச் சான்றிதழ்களைக் கேட்டார்.

எழுத்தர் விதிகளைப் புரட்டினார். “தானா விட்டுப் போறவங்களுக்குப் படிப்பு முடிஞ்சப்பறம்தான் சார் சர்டிபிகேட் தருவோம்.”

“படிப்ப விட்டவளுக்குப் படிப்பு எப்படிங்க முடியும்?”

“முடியாது சார். அதனாலதான் நம்ம எடத்துல யாருமே விட்டுப் போனதில்ல. விளம்பரத்துலயே போட்டிருக்கோமே, பாக்கலயா?”

அவர் அந்த விதிப் புத்தகத்தைப் படிக்கக் கேட்டார். குழு உறுப்பினர் என்பதால் கொடுத்தார்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒருவர் தலைக்கும் அடுத்தவர் தலைக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் அவர் அதைப் படித்து வந்தார்.

இதற்குள் தொடுதல் குழுவின் பரிந்துரை தயாராகிவிட்டது. மாணவர்கள் காரைத் தொடலாம். வெள்ளைக் கையுறை அணிந்து, வலது கை ஆட்காட்டி விரலால், பானட் எனப்படும் முன்மூடியின்மேல், ஒருவருக்கு ஒரு தடவை. அதைத் தொடு விழாவாகக் கொண்டாட வேண்டும். நிறுவனத் தலைவர் நேரில் வருவார்.

விழாவன்று கூடம் நிறைந்திருந்தது. காரைத் துடைத்திருந்தார்கள். யார் துடைத்தது என்பதைப் பற்றிக் குழு மௌனம் காத்தது. தலைவர் பட்டுக் கயிற்றைக் கத்தரித்துவிட்டுப் பேசினார்.

“நான் இந்த நிறுவனத்தை ஆரம்பித்தபோது, மெக்கானிக் படிப்புக்கு எதற்கு இத்தனை பெரிய கட்டடம் என்று கேட்டார்கள். இன்று அதே மனிதர்கள், இத்தனை பெரிய கட்டடத்துக்கு எதற்கு மெக்கானிக் படிப்பு என்று கேட்கிறார்கள். இதுதான் வளர்ச்சி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. டயர் மாற்றத் தெரியாது. எதுவும் தெரியாத ஒருவன் இவ்வளவு உயரத்துக்கு வர முடியும் என்றால், எங்களிடம் படிக்கும் உங்களால் ஏன் முடியாது?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சலூன்காரரும் முதல் வரிசையில் உட்கார்ந்து தட்டினார்.

மாணவர்கள் வரிசையில் வந்தார்கள். விரலை நீட்டினார்கள், தொட்டார்கள், புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள், இறங்கினார்கள். ஒரு பையன் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு விரலால் தொட்டுவிட, அவனைத் தனியே அழைத்துப் போனார்கள்.

சலூன்காரரின் மகளின் முறை வந்தது. அவள் விரலை நீட்டித் தொட்டாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, காரின் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே இருந்த நெம்புகோலை இழுத்தாள். முன்மூடி டக்கென்று எழும்பியது. யாரும் எதுவும் சொல்லுமுன் முன்பக்கம் வந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கி நிறுத்தினாள்.

உள்ளே இன்ஜின் இல்லை. இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் பழைய செய்தித்தாளில் சுற்றிய வெள்ளிக் கோப்பைகளும் கேடயங்களும் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததில் “மிகச் சிறந்த செய்முறைப் பயிற்சிக்கான விருது” என்று எழுதியிருந்தது.

புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்தி, “இன்ஜின் எங்கங்க?” என்று கேட்டார். அவர் வெளியாள்.

“பாதுகாப்புக் கருதி முதல் வருஷமே எடுத்துட்டோம்” என்றார் முதல்வர். “இன்ஜின் இருந்தா வண்டி ஓடிரும். ஓடினா யார் பொறுப்பு?”

தலைவர்தான் நிலைமையைச் சமாளித்தார். மைக்கை வாங்கி, “இந்த மாணவி நமக்கு ஒரு பெரிய உண்மையைத் திறந்து காட்டியிருக்கிறார். நம் நிறுவனத்தை இயக்குவது எது? பெட்ரோலா, டீசலா? இல்லை. விருதுகள்” என்றார்.

கூடம் அதிரக் கைதட்டியது. பழக்கதோஷத்தில் சலூன்காரரின் கைகளும் தட்டின. தட்டிக்கொண்டே மகளைப் பார்த்தார். அவள் இன்னும் மூடியைப் பிடித்தபடி அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கி, அவர் அருகில் வந்ததும், மெதுவாகச் சொன்னாள்.

“உள்ள ஒண்ணுமே இல்லப்பா.”

சலூன்காரரின் கைகள் நின்றுவிட்டன. சுற்றிலும் எல்லோரும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே தன்னுடைய இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மேடையில் புகழ்ந்தாலும், மறுநாளே விசாரணைக்கு அழைப்பு வந்தது. தொட அனுமதி பெற்ற மாணவி திறந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. விவகாரம் தொடுதலில் ஆரம்பித்ததால் தொடுதல் குழுவே விசாரிக்க வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார். விசாரணை வைத்தது மாதத்தின் கடைசி நாளில்.

“நான் அவளோட அப்பா. நான் விலகிக்கறேங்க” என்றார் சலூன்காரர்.

“அப்பாங்கறதாலதான் நீங்க இருந்தே ஆகணும்” என்றார் தலைவர். “சம்பந்தமே இல்லாதவங்கள வச்சு விசாரிச்சா, பாரபட்சமா நடந்துக்கிட்டோம்னு வெளியில பேசுவாங்க.”

நிறுவனத் தலைவரும் வந்து உட்கார, கூட்டம் தொடங்கியது. மகள் மேசையின் கோடியில் நின்றாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. முதல்வர் கனிவோடு ஆரம்பித்தார்.

“ஏம்மா திறந்த?”

“உள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தாங்க சார்.”

“தொடச் சொன்னா தொட வேண்டியதுதானே?”

“தொட்டேங்க. தகரம் சும்மா அதிர்ந்துச்சு. கீழ கனமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அதான் பாத்தேன்.”

முதல்வர் வருத்தத்தோடு தலையசைத்தார். பிறகு குழுவைப் பார்த்து, “சின்னப் பொண்ணு. நம்ம குழந்தை மாதிரி. மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுக்கட்டும். முதல் பருவத்துலேர்ந்து திரும்பப் படிக்கட்டும். வாகனத்தின் தத்துவம் சரியா மனசுல பதியல. அவ்வளவுதான்” என்றார். ஆலோசகரும் தலையாட்டினார். மாணவர் எண்ணிக்கையில் ஒன்று குறைவதை அவர் விரும்புகிறவர் அல்ல.

“பிரதிநிதி என்ன சொல்கிறார்?” என்றார் தலைவர்.

சலூன்காரர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பித்தளைப் பலகையை லேசாக நேராக்கி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“தலைவர் அவர்களே, நான் இங்கே தகப்பனாகப் பேசவில்லை. குழுவின் உறுப்பினராகப் பேசுகிறேன். மன்னிப்பு என்ற சொல் இங்கே மிக எளிதாகப் பயன்படுத்தப்பட்டதைக் கண்டு வேதனைப்படுகிறேன். தொடச் சொன்னோம், திறந்தார். இன்று மன்னித்தால் நாளை இன்னொருவர் கழற்றுவார். அதற்கு மறுநாள் ஒருவர் பழுது பார்ப்பார். பழுது பார்க்கும் பழக்கம் இந்த வளாகத்துக்குள் நுழைந்துவிட்டால், பிறகு அதை எப்படி வெளியேற்றப் போகிறோம்?”

முதல்வர் முகம் வெளிறியது. அப்படி ஒரு கோணம் இருப்பதை அவர் யோசித்திருக்கவில்லை.

“இந்த மாணவி இங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் நோய் மற்றவர்களுக்கும் பரவும். இன்று காரின் மூடி. நாளை அந்த இரும்பு அலமாரி. அதற்கப்புறம் என்னவெல்லாம் திறக்கப்படும் என்பதை உறுப்பினர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.”

உறுப்பினர்கள் கற்பனை செய்தார்கள். ஆலோசகர் தண்ணீர் குடித்தார்.

“ஆகவே, விதிப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நினைவூட்ட விரும்புகிறேன். கடும் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்படுபவரின் சுவடே வளாகத்தில் இருக்கக் கூடாது. அவருடைய பெயர், அவருடைய மேலங்கி, அவருடைய மூலச் சான்றிதழ்கள் உட்பட அனைத்தும் அந்த நிமிடமே அகற்றப்பட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் நிறுவனத்தின் மேன்மைக்கு இழுக்கு. நீக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.”

தலைவர் எழுந்து வந்து சலூன்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. “சொந்த மகள்னும் பாக்காம” என்று மட்டும் சொன்னார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எழுத்தர் ஓடிப்போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். சுவடு எதுவும் மிஞ்சக் கூடாது என்ற பதற்றத்தில், அவள் முதல் நாள் முகம் துடைத்த துவாலையையும் தேடிப் பார்த்தார்.

மகள் மேலங்கியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். சலூன்காரர் ஒரு காகித உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்னால் போனார். படியில் அவர் கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. பஸ்ஸில் அவள் முன்னால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவர் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அழுகையை அடக்கும்போது கன்னத்துத் தசை எப்படி இறுகும் என்று அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேர் அப்படி இறுகியதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். அவர்களிடம் ஏதாவது பேசிச் சிரிக்க வைத்துவிடுவார். இன்று ஒன்றும் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது. அதற்கு முன்பே ஒரு நிறுத்தத்தில், “இறங்கும்மா” என்றார்.

“வீடு வரல.”

“தெரியும். இறங்கு.”

எதிரே பணிமனையின் வாசல். அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் பிரித்துப் பார்த்தாள். பள்ளிச் சான்றிதழ்கள் மூன்றும் கசங்காமல் இருந்தன. அவள் அதைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டே நின்றாள்.

“வா, இழுத்து மூடிரப் போறாங்க” என்றார் சலூன்காரர்.

பணிமனை ஆசிரியர் கைகழுவிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவருக்கு முகமும் இருந்தது. கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருப்பதைச் சலூன்காரர் கவனித்தார். தனக்குத் தானே வெட்டிக்கொள்கிற ஆசாமி. ஆனால் மோசமில்லை.

ஆசிரியர் சான்றிதழ்களைப் பார்த்தார். கூடவே இருந்த நீக்க உத்தரவையும் படித்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை.

“முன்மூடியத் திறந்து உள்ள பாத்ததுக்கா நீக்கினாங்க?”

“ஆமாங்க சார்” என்றாள் மகள்.

“வேற ஒண்ணும் பண்ணலையா?”

“இல்லைங்க.”

“உள்ள என்னதான் இருந்துச்சு?”

“கப்பு.”

“டீ கப்பா?”

“பரிசுக் கப்புங்க.”

ஆசிரியர் உத்தரவை அவளிடம் நீட்டினார். “இங்க திறந்தா டீசல் மேல வடியும். பரவால்லையா?”

“பரவால்லைங்க.”

“காலையில வந்துரு” என்று சொல்லி, பெயரைப் பதிந்துகொண்டு சான்றிதழ்களை அங்கேயே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். பெஞ்சில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. சலூன்காரர் உட்காரவில்லை. மகள் நீக்க உத்தரவை மடித்து உறைக்குள் வைத்தாள். அவள் முகத்தில் இறுக்கம் போயிருந்தது. ஆனால் இன்னும் ஏதோ ஒன்று புரியாததுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

“என்னம்மா?”

“அப்படியெல்லாம் பேச எங்க கத்துக்கிட்டீங்க?”

“அங்கதாம்மா” என்றார் சலூன்காரர். “அவங்க எதையுமே சொல்லித் தரலைன்னு மட்டும் நாம பழி சொல்லக் கூடாது.”